லைக்கா என்று பெயர் மாற்றப்பட்ட ஃபெட்

வணக்கம் நண்பர்களே. முதலில் இந்தக் கேமராவைப் பாருங்கள். மேல்தகட்டில் லைக்கா என்று பொறித்திருக்கிறது. லைக்கா என்று சொல்லித்தான் என்னிடம் விற்றார்கள். இப்போது லென்ஸைக் கழற்றுகிறேன். திருகு மரைதான், மெதுவாகச் சுற்றினால் போதும்... வந்துவிட்டது. உள்ளே மேல்புறம் பாருங்கள், ஒரு சின்னக் கரம் நீட்டிக்கொண்டிருக்கிறது. லென்ஸ் முன்னும் பின்னும் நகரும்போது அதை ரேஞ்ச்ஃபைண்டருக்கு, அதாவது தூரத்தை அளந்து ஃபோகஸ் செய்ய உதவும் பகுதிக்கு, கடத்துவது இந்தக் கரம்தான். லைக்காவாக இருந்தால் இதன் நுனியில் உருளும் சக்கரம் ஒன்று இருக்கும். இதில் ஆப்பு மாதிரிச் சரிவான முனை. அப்படியென்றால் இது ஃபெட், லைக்காவைப் பார்த்துச் செய்த சோவியத் கேமரா. யாரோ அதன் பெயரைத் தேய்த்து அழித்துவிட்டு லைக்கா என்று வெட்டியிருக்கிறார்கள்.

பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. அழித்த பெயருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று சொன்னால் உங்களுக்கும் வரும்.

லைக்காவின் கதை பலருக்கும் தெரியும். ஜெர்மனியில் வெட்ஸ்லார் ஊரில், லைட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்தவர் ஆஸ்கார் பார்னாக். ஆஸ்துமாக்காரர். கண்ணாடித் தட்டில் படம் பிடிக்கும் கனமான கேமராவைச் சுமந்துகொண்டு நடக்க அவரால் முடியவில்லை. சினிமா பிலிமைக் குறுக்குவாட்டில் ஓடவிட்டு, 18க்கு 24 மில்லிமீட்டர் சட்டத்தை 24க்கு 36 ஆக்கினார். 1925இல் லைப்சிக் கண்காட்சியில் அது விற்பனைக்கு வந்தது. சரி, அதை இத்தோடு விடுகிறேன்.

ஃபெட் பிறந்தது உக்ரைனின் கார்கிவ் நகரில், ஒரு சிறுவர் கம்யூனில். உள்நாட்டுப் போரிலும் பஞ்சத்திலும் வீடிழந்து தெருவில் திரிந்த பிள்ளைகளுக்கான இடம் அது. கல்வியாளர் மக்கரென்கோ அதை நடத்தினார். பாதி நாள் படிப்பு, பாதி நாள் பட்டறை வேலை. முதலில் மின்சாரத் துளைக்கருவி செய்தார்கள். பிறகு லைக்கா இரண்டாம் மாடலைப் பிரித்துப் பார்த்து, 1934 முதல் அதேபோன்ற கேமராவைத் தயாரித்தார்கள். சோவியத் ரகசியப் போலீஸை நிறுவிய பெலிக்ஸ் எட்முந்தோவிச் ஜெர்ஜின்ஸ்கியின் பெயரில் இருந்த கம்யூன் என்பதால், அவருடைய முதலெழுத்துகள் மூன்றும் சேர்ந்து ஃபெட் ஆனது. அந்தப் பெயர் எனக்கு உவப்பானதல்ல. ஆனாலும் பதின்ம வயதுப் பிள்ளைகள் முடியிழை அளவுக்கு நுட்பமான உறுப்புகளைக் கடைந்து, பூட்டிச் சரிபார்த்திருக்கிறார்கள். அதை நகல் என்ற ஒரே சொல்லில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம், இதை வாங்க நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். பிலிமை அடிப்பக்கமாகத்தான் நுழைக்க வேண்டும். அதற்கு முன் பிலிமின் முனையைக் கத்தரியால் பத்து சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒடுக்கமாக வெட்டிக்கொள்ளுங்கள். நான் முதல் முறை வெட்டாமல் திணித்தேன். பல்துளைகள் கிழிந்து ஒரு துணுக்கு ஷட்டருக்குள் விழுந்துவிட்டது. இடுக்கியால் எடுப்பதற்குள் அரை நாள் போனது. இன்னொன்று, ஷட்டர் வேகத்தை மாற்றுவதென்றால் பிலிமைச் சுற்றிய பிறகே மாற்றுங்கள். ஷட்டர் பொத்தானை அமுக்கும்போது இந்த வேகக் குமிழும் சேர்ந்து சுழலும், விரல் அதில் படக்கூடாது. மைக்கை ஒட்டி வைக்கிறேன், கேளுங்கள்.

கேட்டதா? துணித்திரை ஓடும் சத்தம். மெத்தென்று இருக்கிறது, இல்லையா?

பொறித்த எழுத்தை நான் தொடப்போவதில்லை. மறுபடி தேய்த்தால் தகடு தாங்காது. இந்தத் தோல் பையின் உட்பக்கத்தில் மட்டும் ஃபெட், கார்கிவ் என்று எழுதி வைத்திருக்கிறேன். உள்ளே ஒரு கறுப்பு வெள்ளை ரோல் இருக்கிறது, 36இல் பதினொன்று முடிந்திருக்கிறது. மீதியையும் எடுத்துக் கழுவியதும் காட்டுகிறேன்.