லெசாமாவில் வளரும் பையன்கள்

வணக்கம். கால்பந்து அகாடமி என்றாலே பார்சிலோனாவின் லா மாசியாவைத்தான் எல்லோரும் சொல்வார்கள். மெஸ்ஸி வந்த இடம், சொல்லட்டும், தப்பில்லை. நான் பேச வந்தது அதே ஸ்பெயினின் வடக்கே பில்பாவோ ஊரில் இருக்கிற அத்லெடிக் கிளப்பைப் பற்றி.

இவர்களுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பில்பாவோவைச் சுற்றியுள்ள பாஸ்க் பகுதியில் பிறந்தவன், இல்லையென்றால் அந்தப் பகுதிக் கிளப்புகளில் ஆடி வளர்ந்தவன், அவனைத்தான் சேர்ப்பார்கள். நூறு வருஷத்துக்கு மேலாக இப்படித்தான். அந்தப் பகுதியின் மொத்த ஜனத்தொகையே சுமார் 30 லட்சம்தான், அதற்குள்தான் ஆள் தேட வேண்டும். அப்படியிருந்தும் ஸ்பெயினின் முதல் நிலை லீக்கான லா லிகாவிலிருந்து ஒருமுறைகூடக் கீழே இறங்கியதில்லை. அந்தப் பெருமை உள்ள மற்ற இரண்டு கிளப்புகள் ரியல் மாட்ரிட்டும் பார்சிலோனாவும்.

வெளியே போய் வாங்க முடியாது என்றால் வளர்க்கத்தானே வேண்டும்? 1971-இல் பில்பாவோவுக்குப் பக்கத்தில் லெசாமா என்ற கிராமத்தில் பயிற்சி மையம் திறந்தார்கள். பையன்கள் பத்து வயது வாக்கில்தான் அங்கே வருகிறார்கள். அதுவரை பள்ளிக்கூட அணியிலோ ஊர் கிளப்பிலோ நண்பர்களோடு ஆடிக்கொண்டிருப்பார்கள். அப்புறம் வயதுவாரி அணிகள், அதைத் தாண்டினால் பாஸ்கோனியா என்ற இளைஞர் அணி, அதற்கு மேல் பில்பாவோ அத்லெடிக் என்ற ரிசர்வ் அணி, கடைசியில் முதல் அணி.

மைதானமும் ஜிம்மும் பயிற்சியாளர்களும் இன்று எந்தப் பெரிய கிளப்பில் இல்லை? ஆனால் அங்கெல்லாம் பத்து வருஷம் பார்த்துப் பார்த்து வளர்த்த பையனுக்கு 19 வயது ஆகும்போது, வரும் ஞாயிற்றுக்கிழமை ஜெயித்தாக வேண்டிய மேனேஜர் 28 வயதுக்காரன் ஒருவனை வாங்கி அவன் இடத்தில் நிறுத்திவிடுவார், பையன் வேறு கிளப்புக்குக் கடனாக, அதாவது தற்காலிகமாக, போய் ஆடிக்கொண்டிருப்பான். அகாடமிகள் பாழாவது இந்த இடத்தில்தான் என்பது என் கட்சி.

2018 கோடையைப் பாருங்கள். லெசாமாவில் வளர்ந்த கோல்கீப்பர் கெபாவை செல்சி தூக்கிக்கொண்டு போனது. 8 கோடி யூரோ, அதுவரை உலகத்தில் எந்தக் கோல்கீப்பருக்கும் யாரும் கொடுக்காத தொகை. வேறு கிளப்பாக இருந்தால் மறுநாளே இத்தாலியிலோ பிரேசிலிலோ ஒருவனைப் பிடித்திருப்பார்கள். இவர்களால் முடியாதே! எல்சே கிளப்புக்குக் கடனாக அனுப்பியிருந்த 21 வயதுப் பையனைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அந்த ஆகஸ்ட் மாதமே லீக்கில் கோல் காத்தான். பெயர் உனாய் சிமோன், பிறகு 2024-இல் யூரோ கோப்பை வென்ற ஸ்பெயின் அணியின் கோல்கீப்பர் அவர்தான்.

எல்லாரும் 21 வயதில் பழுத்துவிடுவதும் இல்லை. முன்வரிசை ஆட்டக்காரர் அரிட்ஸ் அதூரிஸ் ரிசர்வ் அணியில் ஆடியவர், முதல் அணியில் நிலைக்காமல் வெளியே போனார், திரும்ப வந்தார், மறுபடி விற்றார்கள், 2012-இல் 31 வயதில் மூன்றாவது முறையாக வந்து சேர்ந்தார். அதற்கப்புறம்தான் கோல் மேல் கோல். 2019 ஆகஸ்டில் 38 வயதுக்காரர், சான் மமேஸ் மைதானத்தில் பார்சிலோனாவுக்கு எதிராக மாற்று ஆளாக இறங்கினார். 89-வது நிமிஷம், வலது பக்கமிருந்து பந்து உயர்ந்து வருகிறது, மனிதர் கோலுக்கு முதுகைக் காட்டியபடி அந்தரத்தில் படுத்து ஓர் உதை. ஆட்டம் 1-0. கிடைத்தால் அந்த வீடியோவைப் பாருங்கள்.

குறை இல்லாமல் இல்லை. இவர்கள் வாங்கக்கூடிய ஆட்கள் ஒரு கைப்பிடி என்பது விற்பவர்களுக்கும் தெரியும், அதனால் விலை எகிறும். 2018 ஜனவரியில் தடுப்பாட்டக்காரர் லாபோர்த்தை மான்செஸ்டர் சிட்டிக்கு விற்ற கையோடு, அவர் இடத்துக்கு இனியிகோ மார்ட்டினெஸுக்காகப் பக்கத்து ஊர் ரியல் சோசியதாத்துக்கு 3.2 கோடி யூரோ அழுதார்கள். யார் வளர்த்த பிள்ளை என்ற வழக்கும் உண்டு. 2024-இல், 40 வருஷத்துக்குப் பிறகு ஸ்பெயினின் மன்னர் கோப்பையை ஜெயித்தபோது வில்லியம்ஸ் சகோதரர்கள் இரண்டு பேரும் அணியில் இருந்தார்கள். கானாவிலிருந்து வந்த பெற்றோருக்குப் பிறந்தவர்கள், வளர்ந்தது இவர்கள் பாஸ்க் பகுதியாகவே கணக்கில் எடுக்கும் பாம்ப்லோனாவில். அந்த ஊர்க் கிளப் ஒசாசுனா. தம்பி நிகோ சின்ன வயதில் ஆடியதும் அங்கேதான், 11 வயது வாக்கில்தான் லெசாமாவுக்கு வந்தான். லெசாமா வளர்த்த பிள்ளை என்று பில்பாவோவில் கொண்டாடுகிறார்கள், ஒசாசுனாக்காரர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள்.