பத்தர் வைத்த பற்று

நேயர்களுக்கு வணக்கம். பினாங்கு ஜார்ஜ்டவுன் மார்க்கெட் ஸ்திரீட்டை நம்மவர்கள் கடைத்தெரு என்பார்கள். அதை ஒட்டி 60 வருஷத்துக்கு மேல் நகை செய்த பத்தர் ஒருவர் 93 வயதில் காலமாகிவிட்டார். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று வீட்டார் கேட்டுக்கொண்டார்கள். அவர் செய்த தாலி எத்தனையோ பேர் கழுத்தில் இருக்கிறது. அந்த வேலையைப் பேசினாலே அவரைப் பேசியதாகிவிடும்.

நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி 1952-இல் வந்தவர். மறு வருஷமே குடிநுழைவுச் சட்டம் இறுகிவிட்டது. கையோடு கொண்டு வந்தது ஊதுகுழல், கம்பியச்சு, இரண்டு குறடு. கடை முன்னால் இருக்கும் நடைபாதையான அஞ்சடியில் உட்கார்ந்து வேலை தொடங்கி, பிறகு ஊருக்குப் போய்க் கல்யாணம் முடித்து மனைவியைக் கூட்டி வந்தார். அந்த அம்மாவுக்குக் கட்டிய தாலியும் அவர் கைவேலைதான். அரைப் பவுன், 4 கிராம்.

தாலியில் முதலில் தேய்வது, அது தொங்குகிற வளையம். மஞ்சள் கயிற்றில் இருக்கும்வரை அவ்வளவாகத் தேயாது. தங்கக் கொடியில் கோத்துவிட்டால் தங்கமும் தங்கமும் உரசி, வளையத்தின் உள்பக்கம் வாய்க்கால் மாதிரி குழிந்துகொண்டே போகும். மேலே பார்த்தால் பளபளவென்று இருக்கும். கம்பி பாதி தேய்ந்துவிட்டால் மாற்றியே ஆக வேண்டும், இல்லையென்றால் குளிக்கும்போது அறுந்து விழுந்தால்கூடத் தெரியாது.

பத்தர் வேலையைத் தொடங்கும் விதமே தனி. வந்த பெண்ணின் கழுத்தில் மஞ்சள் கிழங்கு கட்டிய கயிறு ஏறிய பிறகுதான் தாலியைக் கையில் வாங்குவார். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்து, அப்பியிருக்கும் மஞ்சள், குங்குமம், எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பார். பிசுக்கு இருந்தால் பற்றவைக்கிற பொடி ஓடாது, உருண்டு நின்றுவிடும். புது வளையத்துக்குக் கம்பியச்சில் துளை துளையாகக் கம்பி இழுப்பார். இழுக்க இழுக்கத் தங்கம் விறைக்கும். இரண்டு மூன்று துளைக்கு ஒரு தரம் நெருப்பில் காட்டி இளக்காவிட்டால் வெடித்துவிடும். வளைத்த இரண்டு முனையும் இடையில் வெளிச்சம் தெரியாதபடி சேர வேண்டும். இடைவெளியைப் பொடி அடைக்காது.

பொடி என்பது அதே தங்கத்தோடு கொஞ்சம் வெள்ளியும் செம்பும் சேர்த்து உருக்கி அராவியது. நகை உருகுவதற்கு முன்னால் இது உருகி முனைகளை ஒட்டிவிடும், அந்த ஒட்டுதான் பற்று. 'பொடி வைத்துப் பேசுகிறான்' என்கிறோமே, அது பத்தர் பட்டறைப் பேச்சுதான். வெங்காரம் தடவிப் பொடி வைத்து ஊதும்போது, தீயை முதலில் தாலியின் கனத்த உடம்பில் காட்ட வேண்டும். மெல்லிய வளையத்தில் காட்டினால் அது முந்திக்கொண்டு உருகிவிடும். சூடு அதிகமான பக்கமே பொடி ஓடும். மின்னல் மாதிரி ஒரு பளிச். அந்த நொடியில் ஊதுவதை நிறுத்த வேண்டும். மூக்கால் மூச்சை இழுத்துக்கொண்டே கன்னத்தால் ஊதுவது அவருக்கு வாய்த்த வித்தை. தீ துள்ளாது. கடைசியில் புளித்தண்ணீரில் போட்டால் கறுப்பு போய்விடும்.

பொடியை அள்ளி வைக்கும் பட்டறைகளும் உண்டு. வேலை சீக்கிரம் முடியும், ஆனால் அந்த நகையை என்றைக்காவது உருக்கினால் 916 மாற்று இறங்கிவிடும், நஷ்டம் அதை அணிந்தவருக்கு. இதை அவர் பாவம் என்றே சொல்வார், எனக்கும் அதே எண்ணம்தான்.

ஊருக்கெல்லாம் கொடி செய்தவர், மனைவிக்கு 5 பவுனில் கொடி செய்து போட 18 வருஷம் ஆயிற்று. அதன் பிறகு ஒவ்வொரு ஆடிப்பெருக்கன்றும் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு அந்த அம்மாவின் தாலி வளையத்தைப் பார்ப்பார். 4 தடவை மாற்றியிருக்கிறார். வேறு யார் கையிலும் கொடுத்ததில்லை.

அந்த அம்மா படுக்கையில் விழுந்ததும் கொடி கழுத்துக்குப் பாரமாகிவிட்டது. கொடியைக் கழற்றி, அதே தாலியைப் புது மஞ்சள் கயிற்றில் கோத்து, தலையணையோடு அவரைத் தூக்கிச் சாய்த்து வைத்துப் பத்தரே மூன்று முடிச்சும் போட்டார். அப்போது அவருக்கு வயது 86.

இப்போது அந்தத் தாலி வீட்டில் இருக்கிறது. தராசில் 3.6 கிராம் காட்டுகிறது. பற்று வைத்த இடத்தை நகத்தால் தடவினாலும் தட்டுப்படவில்லை.