பால்ரஸ் குண்டு இரும்பா, ஈயமா?

வணக்கம் நண்பர்களே. என் உள்ளங்கையில் இருப்பதைக் கேமராவுக்கு அருகில் கொண்டுவருகிறேன், பாருங்கள். சைக்கிளின் பின்சக்கர அச்சில் உருளும் எஃகுக் குண்டு இது. சைக்கிள் கடையில் பால்ரஸ் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். கால் அங்குல விட்டம், அதாவது 6.35 மில்லிமீட்டர், என்ற கணக்கில் செய்யப்பட்டது. அந்த எண்ணையும் இது எஃகு என்பதையும் சற்று நேரம் மறந்துவிடுவோம். பள்ளி ஆய்வகத்தில் உள்ள கருவிகளை மட்டும் வைத்துக்கொண்டு, அடர்த்தியைக் கணக்கிட்டு, இது எந்த உலோகம் என்று சொல்ல முடியுமா என்பதுதான் இன்றைய கேள்வி.

முதலில் தராசு. 0.01 கிராம் வரை காட்டும் இந்த மின்னணுத் தராசு, ஒரு குண்டின் நிறையை 1.05 கிராம் என்று காட்டுகிறது. அடுத்து, எல்லோரிடமும் இருக்கும் மர அளவுகோல். அதன் முனை தேய்ந்திருப்பதால் சுழியிலிருந்து தொடங்காமல் 1 சென்டிமீட்டர் கோட்டிலிருந்து அளக்கிறேன். கண்ணைச் சாய்த்துப் பார்த்தால் இடமாறு தோற்றப் பிழை வரும் என்பதால் நேர்மேலாகக் குனிந்து பார்க்கிறேன். இவ்வளவு கவனத்துக்குப் பிறகும், 6 மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர் கூடவோ குறையவோ இருக்கலாம் என்பதற்கு மேல் என்னால் எதுவும் சொல்ல இயலவில்லை.

அரை மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆறில் அரை என்பது 8 விழுக்காட்டுக்கும் மேல். கோளத்தின் பருமனைக் கணக்கிட விட்டத்தை மும்முறை பெருக்குகிறோம் அல்லவா, அந்தப் பிழையும் கூடவே ஏறக்குறைய மும்மடங்காகிவிடுகிறது. விட்டம் 6.5 என்று கொண்டால் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.3 கிராம், 5.5 என்று கொண்டால் 12.1 கிராம். இரும்பின் அடர்த்தி 7.87, செம்பு 8.96, வெள்ளி 10.5, ஈயம் 11.3. நான்குமே இந்த இடைவெளிக்குள் அடங்கிவிடுகின்றன. மர அளவுகோலின் சாட்சியத்தை மட்டும் நம்பினால், சைக்கிள் கடைக்காரர் எனக்கு வெள்ளிக் குண்டு கொடுத்திருக்கவும் வாய்ப்புண்டு!

இப்போது வெர்னியர் அளவி. 1631ஆம் ஆண்டில் பியர் வெர்னியர் இதன் தத்துவத்தை வெளியிட்டார். ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைப் பத்தாகப் பிரித்துப் பார்க்கச் சொன்னால் நம் கண் தடுமாறுகிறது. ஆனால் இரண்டு கோடுகள் ஒரே நேராக நிற்கின்றனவா என்று கேட்டால் அதே கண் வியக்கத்தக்க நுட்பத்தோடு விடை சொல்கிறது. முதன்மைக் கோலின் 9 பிரிவுகளை, அதன்மேல் நகரும் வெர்னியர் கோலில் 10 பிரிவுகளாக்கியதன் மூலம், கண்ணுக்கு வராத வேலையை அதற்கு வரும் வேலையாக மாற்றிவிட்டார்கள் என்பதே இந்தக் கருவியின் அழகு. மீச்சிற்றளவு, அதாவது இந்தக் கருவியால் அளக்க முடிந்த மிகச் சிறிய அளவு, 0.1 மில்லிமீட்டர். எனக்குக் கிடைத்த அளவீடு 6.4. அதன்படி அடர்த்தி 7.3க்கும் 8.0க்கும் இடையில் வருகிறது. வெள்ளியும் ஈயமும் செம்பும் வெளியேறிவிட்டன.

திருகு அளவிக்கு வருவோம். புரியிடைத் தூரம், அதாவது திருகை ஒரு முழுச் சுற்று சுற்றினால் அது நகரும் தூரம், 1 மில்லிமீட்டர், திருகின் தலையைச் சுற்றியுள்ள தலைக்கோலில் 100 பிரிவுகள், ஆகவே மீச்சிற்றளவு 0.01 மில்லிமீட்டர். அளவீடு 6.35. விட்டத்தில் உள்ள பிழை இப்போது வெறும் 0.16 விழுக்காடு, மும்மடங்காக்கினாலும் அரை விழுக்காட்டைத் தொடவில்லை. இங்கே ஒரு வேடிக்கை நடந்திருக்கிறது. இதுவரை நாம் குறை சொல்லாமல் விட்டிருந்த தராசு, 1.05 கிராமில் 0.01 கிராம் என்ற கணக்கில், ஏறத்தாழ 1 விழுக்காடு பிழையோடு கடைசி வரிசைக்குப் போய்விட்டது. இனி இதைவிட நுட்பமான திருகு அளவியை எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் பெரிய பயன் இல்லை. பழுது பார்க்க வேண்டியது நிறையைத்தான். அதற்குப் புதிய தராசும் தேவையில்லை. 20 குண்டுகளை ஒன்றாக வைக்கிறேன்: 20.94 கிராம். தராசின் ஐயம் அதே 0.01 கிராம்தான், ஆனால் அது இப்போது இருபது குண்டுகளுக்குப் பங்கிடப்படுகிறது. ஒரு குண்டு 1.047 கிராம், அடர்த்தி 7.81, கூடுதல் குறைவு 0.04.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. இதே குண்டை நான் முன்பு வேறொரு திருகு அளவியில் பத்து முறை அளந்தபோது, பத்து முறையும் 6.40 என்றே வந்தது. நுட்பத்தில் (ஒரே அளவு திரும்பத் திரும்பக் கிடைப்பதில்) குறையே இல்லை, துல்லியத்தன்மைதான் (உண்மை அளவுக்கு அருகில் இருப்பதுதான்) இல்லை. குண்டை எடுத்துவிட்டுத் திருகை மூடிப் பார்த்தால், தலைக்கோலின் சுழி வரைகோட்டிற்குக் கீழே ஐந்து பிரிவுகள் தள்ளி நின்றது. நேர்ச் சுழிப்பிழை 0.05 மில்லிமீட்டர். அதைக் கழிக்காமல் விட்டிருந்தால் அடர்த்தி 7.63 என்று வந்திருக்கும், அதன் பக்கத்தில் 0.04 என்று நம்பிக்கையோடு எழுதியும் இருப்பேன். திரும்பத் திரும்ப அளப்பது ஒழுங்கற்ற பிழைகளைத்தான் குறைக்கும். முறையான பிழையை, அதாவது எப்போதும் ஒரே பக்கமாக வரும் பிழையை, அது தொடுவதே இல்லை. செய்முறைத் தேர்வில் ரெக்கார்டு நோட்டின் ஐந்து வரிசைகளிலும் ஒரே எண்ணை எழுதிவிட்டு நிம்மதியாக இருக்கும் மாணவர்களை (ஒரு காலத்தில் நானும் அவர்களில் ஒருவன்) நினைத்துக்கொண்டே இதைச் சொல்கிறேன். டிஜிட்டல் காலிபர்களிலும் இதே மயக்கம் உண்டு. திரையில் 0.01 வரை எண் ஓடும். கூட வரும் குறிப்புத்தாளிலோ, துல்லியம் 0.02 அல்லது 0.03 என்று அச்சிட்டிருப்பார்கள்.

முடிப்பதற்கு முன், மர அளவுகோலுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுக்க விரும்புகிறேன். இரண்டு அளவுகோல்களை இணையாக ஒட்டி, நடுவே உள்ள பள்ளத்தில் அந்த 20 குண்டுகளையும் வரிசையாக நிறுத்தி, இரு முனைகளிலும் மரக்கட்டையால் அணைத்திருக்கிறேன். கட்டைகளுக்கு இடைப்பட்ட நீளம் 127 மில்லிமீட்டர். எனக்கு நானே தாராளமாக ஒரு முழு மில்லிமீட்டர் ஐயம் கொடுத்துக்கொண்டாலும், ஒரு குண்டுக்கு அது 0.05 மில்லிமீட்டர்தான், அதாவது வெர்னியரின் ஐயத்தில் பாதி. குண்டுகள் அனைத்தும் ஒரே அளவில் இருப்பதால்தான் இது செல்லுபடியாகிறது; கோலிக்குண்டுகளை வைத்து முயன்றால், கிடைப்பது வெறும் சராசரியாகத்தான் இருக்கும். கண்ணால் பார்த்தே செம்பையும் இரும்பையும் பிரித்துவிடலாமே என்று கருத்துப் பெட்டியில் எழுதப் போகிறவர்களுக்கு: நிக்கல் பூசிய செம்புக் குண்டு ஒன்றும் என்னிடம் இருக்கிறது, அடுத்த காணொளியில் அதையும் இதே பள்ளத்தில் வைத்துப் பார்ப்போம்.