13 கோர்ஸ் வந்தும் சலிக்காதது ஏன்? டேஸ்டிங் மெனுவின் கணக்கு

[திரை: மார்ட்டினி கிளாஸில் தெளிந்த ஒரு நீர் ஊற்றப்படுகிறது]

பார்க்கத் தண்ணீர் மாதிரிதான் இருக்கிறது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் ரசம் மணக்கிறது.

சென்னை கிண்டியில் ஐடிசி கிராண்ட் சோழா ஓட்டலுக்குள் இருக்கும் ஆவர்த்தனா உணவகத்தில் பேர்போன ரசம் இது. காபி போடும் பிரெஞ்ச் பிரஸிலிருந்து மேசையிலேயே ஊற்றித் தருவார்கள். 2017இல் திறந்த இடம். 2025ஆம் ஆண்டுக்கான ஆசியாவின் சிறந்த 50 உணவகங்கள் பட்டியலில் 30ஆவது இடம் பிடித்தது. நானும் என் நண்பனும் அங்கே ஒரு ராத்திரி சாப்பிடப் போனோம். அவன் ஒரு மடக்கு குடித்துவிட்டு, "டேய், தக்காளி எங்கடா போச்சு?" என்றான். நல்ல கேள்வி. பதிலைப் பிறகு சொல்கிறேன்.

முதலில், டேஸ்டிங் மெனு என்றால் என்ன? எத்தனை கோர்ஸ், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக எத்தனை தட்டு, சைவமா அசைவமா என்று மட்டும் நீங்கள் சொல்வீர்கள். மற்றதை எல்லாம் சமையலறை முடிவு செய்யும். ஆவர்த்தனாவில் 7 கோர்ஸிலிருந்து 13 கோர்ஸ் வரை இருக்கிறது. நம் இலைச் சாப்பாட்டில் கூட்டு, பொரியல், அப்பளம், ஊறுகாய் எல்லாம் கண்ணெதிரே இருக்கும். எதை எதோடு பிசைவது என்பது நம் கையில். இங்கே அந்த உரிமையை செஃப் எடுத்துக்கொள்கிறார். சிலருக்கு இது பிடிக்கவே பிடிக்காது. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

[திரை: பழைய பிரெஞ்சு விருந்து மேசை ஓவியம்]

பிரான்சிலும் ஒரு காலத்தில் பெரிய விருந்துகளில் எல்லாவற்றையும் மேசையில் பரப்பித்தான் வைத்தார்கள். ஒன்று முடிந்து ஒன்று வரும் முறை 19ஆம் நூற்றாண்டில் ரஷ்யப் பாணி என்ற பெயரில் பரவியது. 1970களில் பால் போகுஸ் போன்ற சமையல் கலைஞர்கள் அளவைக் குறைத்து, தட்டின் அழகைக் கூட்டினார்கள். சின்னச் சின்னத் தட்டுகளாக வரும் ஜப்பானின் கைசெகி விருந்தும் அவர்களுக்கு ஒரு முன்மாதிரி. ஸ்பெயினில் ஃபெரான் அட்ரியா நடத்திய எல் புல்லி உணவகத்தில், 2011இல் மூடும் வரை, ஒரே இரவில் 30க்கும் மேற்பட்ட சின்னச் சின்னத் தட்டுகள் வந்தன.

சரி, அத்தனை தட்டு வந்தும் எப்படிச் சலிக்காமல் சாப்பிடுகிறார்கள்?

காரணம் வயிற்றைவிட நாக்கில் அதிகம் இருக்கிறது. ஒரே சுவையைத் தொடர்ந்து சாப்பிட்டால் அந்தச் சுவையின் மேல் மட்டும் ஆசை குறையும். வேறு சுவைகளின் மேல் ஆசை அப்படியே இருக்கும். 1980களின் தொடக்கத்தில் பார்பரா ரோல்ஸும் அவருடன் இருந்த ஆய்வாளர்களும் சோதனை செய்து காட்டியது இது. கல்யாண வீட்டில் "போதும், போதும்" என்று கையால் மறைத்தவர் பாயசம் வந்ததும் கையை எடுத்துவிடுவாரே, அதே விஷயம்தான். டேஸ்டிங் மெனு இதை வைத்துத்தான் ஓடுகிறது. முதல் இரண்டு மூன்று வாயில் இருக்கும் ருசி நான்காவதில் மங்கத் தொடங்கும்போது தட்டு காலியாகிவிடும். அடுத்தது புளிப்பாக வரும், அதற்கடுத்தது மொறுமொறுவென்று வரும்.

இப்போது அந்த ரசம்.

[திரை: மெல்லிய துணியில் தொங்கும் தக்காளி விழுது, கீழே சொட்டும் சாறு]

தக்காளியிலிருந்து தெளிந்த சாறு எடுக்கச் சமையல்காரர்கள் பொதுவாகச் செய்வது இதுதான்: உப்புச் சேர்த்து அரைத்து, மெல்லிய துணியில் கட்டித் தொங்கவிடுவார்கள். பிழியக் கூடாது, பிழிந்தால் கலங்கிவிடும். மணிக்கணக்கில் தானாகச் சொட்ட வேண்டும். தக்காளியின் சிவப்பு நிறம் லைக்கோபீன் என்ற பொருளால் வருவது. அது தண்ணீரில் கரையாது, அதனால் சக்கையோடு துணியிலேயே தங்கிவிடுகிறது. ஆனால் புளிப்பு, இனிப்பு, நாக்கில் ருசியாக நிற்கும் குளுட்டமேட் எல்லாம் தண்ணீரில் கரைபவை. அவை சொட்டுச் சொட்டாக இறங்கிவிடும். விதையைச் சுற்றி வழவழவென்று இருக்கிறதே, அதில்தான் சதையைவிடக் குளுட்டமேட் அதிகம் என்று இங்கிலாந்தின் ரீடிங் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2007இல் சொன்னது. விதையை வழித்துக் கொட்டுபவர்கள் கவனிக்க!

ஆக, தக்காளி எங்கேயும் போகவில்லை. நிறம் மட்டும்தான் போயிருக்கிறது. கண் "இது தண்ணீர்" என்று சொல்ல, நாக்கு "இது ரசம்" என்று சொல்கிறது. நண்பனோடு போவதன் சுகம் எனக்கு அங்கேதான் தெரிந்தது. வழக்கமான ஓட்டலில் அவன் பிரியாணி சொல்வான், நான் பரோட்டா சொல்வேன். அவரவர் தட்டு அவரவருக்கு. இங்கே ஒரே வாய், ஒரே நிமிடத்தில், இரண்டு பேருக்கும். அவனுக்கு மிளகு தெரிகிறது, எனக்குக் கொத்தமல்லி. உடனே சண்டை. தனியாகப் போனால் அந்தச் சண்டைக்கு ஆள் இல்லை. எட்டுப் பேர் கூட்டமாகப் போனாலோ பேச்சு வேறெங்கோ போய்விடும்.

கடைசியில் கூட்டில் வைத்த முட்டை மாதிரி ஒன்று வரும். அதுதான் இனிப்பு: சோம்பு மணக்கும் பன்னகோட்டா (கிரீமில் செய்யும் இத்தாலிய இனிப்பு), மஞ்சள் கருவுக்குப் பதில் மாம்பழம். ஓட்டல் கல்லாவில் கிண்ணத்தில் வைத்திருப்பார்களே, அதே சோம்புதான்! அன்றைய சாப்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது இது.

எல்லாக் கோர்ஸும் இப்படி இருக்கும் என்று சொல்ல மாட்டேன். நடுவில் ஒன்றிரண்டு எண்ணிக்கைக்கு வந்தவை போல இருக்கும். முதல் முறை போகிறவர்களுக்கு 7 கோர்ஸே தாராளம்.

[திரை: முன்பதிவு, பில்]

போவதற்கு முன் சில விஷயங்கள். எது ஒத்துக்கொள்ளாது என்பதை முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். உட்கார்ந்த பிறகு சொன்னால் மாற்றுவது கஷ்டம். இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். நடுவில் போன் பேச எழுந்து போனால் உங்கள் தட்டு மட்டுமல்ல, எதிரில் இருப்பவர் தட்டும் காத்திருக்கும், ஏனென்றால் இரண்டையும் சேர்த்துத்தான் அனுப்புவார்கள். இப்படிப்பட்ட பெரிய ஓட்டல்களில் உணவுக்கு 18% ஜிஎஸ்டி உண்டு, மெனுவில் போட்டிருக்கும் விலையோடு அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். சேவைக் கட்டணம் தனியாகப் போட்டிருந்தால் எடுக்கச் சொல்லலாம். அது கட்டாயமில்லை என்ற மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 வழிகாட்டுதலை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதி செய்திருக்கிறது.

அப்புறம், பில்லைப் பாதிப் பாதியாகப் பிரிப்பது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். இரண்டு பேரும் ஒரே மெனு என்பதால் யார் அதிகம் சாப்பிட்டது என்ற பேச்சே வராது. குடிப்பதற்கு வாங்கியதை மட்டும் அவரவர் கணக்கில் போட்டுக்கொள்ளலாம்.