மூலையில் கட்டிய முக்கோணம்

வணக்கம். கல்லூரியில் முதலாண்டு படிக்கிறவர்கள்தான் இங்கே அதிகம் என்றார்கள். அதனால் வெக்டர்களின் குறுக்குப் பெருக்கலுக்கு வரையறை எதையும் எழுதிப் போடாமல் நேரே கணக்குக்கே போய்விடுகிறேன்.

இந்த அரங்கின் மூலையைப் பாருங்கள். இரண்டு சுவர்களும் தரையும் ஒரு புள்ளியில் சேர்கின்றன. அதை ஆதிப்புள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுவரின் அடியோரமாக 1 மீட்டர் தள்ளி ஓர் ஆணி. இன்னொரு சுவரின் அடியோரமாக 2 மீட்டரில் ஓர் ஆணி. சுவர்கள் இரண்டும் சேரும் விளிம்பில் 3 மீட்டர் உயரத்தில் மூன்றாவது ஆணி. மூன்றிலும் முனைகளை மாட்டி, ஒரு முக்கோணத் துணியை இறுக்கமாகக் கட்டுகிறோம். துணியின் பரப்பு எவ்வளவு?

பள்ளிக்கூட வழி ஒன்று இருக்கிறது. பக்கங்களைக் கண்டுபிடித்தால் வர்க்கமூலம் 5, வர்க்கமூலம் 10, வர்க்கமூலம் 13 என்று வரும். அவற்றை ஹெரான் சூத்திரத்தில் போட்டால் விடையும் வரும். ஆனால் துணி எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது, மூலையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று கேட்டால் அந்தச் சூத்திரம் வாய் திறக்காது.

சரி, வெக்டரில், அதாவது நீளமும் திசையும் உள்ள அம்புகளில், செய்வோம். ஆணிகள் (1, 0, 0), (0, 2, 0), (0, 0, 3). முதல் ஆணியிலிருந்து மற்ற இரண்டுக்கும் போகும் வெக்டர்கள் (−1, 2, 0), (−1, 0, 3). இவற்றின் குறுக்குப் பெருக்கல், அதாவது இரண்டுக்கும் செங்குத்தாக நிற்கும் வெக்டர், (6, 3, 2). சந்தேகமிருந்தால் புள்ளிப் பெருக்கலில், அதாவது கூறுகளை ஒன்றுக்கொன்று பெருக்கிக் கூட்டி, சரிபாருங்கள்; செங்குத்து என்றால் பூஜ்யம் வரவேண்டும்: −6 + 6 + 0, பூஜ்யம். −6 + 0 + 6, அதுவும் பூஜ்யம். ஆக, துணிக்குச் செங்குத்தான திசை கிடைத்துவிட்டது. அதன் நீளம்? 36, 9, 4 சேர்ந்தால் 49. மூலம் 7. இது அந்த இரண்டு வெக்டர்களையும் பக்கங்களாகக் கொண்ட இணைகரத்தின் பரப்பு; துணி அதில் பாதி, 3.5 சதுர மீட்டர். தளத்தின் சமன்பாடும் கையோடு வந்துவிடுகிறது: முதல் ஆயத்தொலைவின் 6 மடங்கு, இரண்டாவதின் 3 மடங்கு, மூன்றாவதின் 2 மடங்கு, கூட்டினால் 6. மூலையிலிருந்து துணிக்கு உள்ள செங்குத்துத் தொலைவு 6/7 மீட்டர், ஏறக்குறைய 86 சென்டிமீட்டர்.

பலர் இதோடு பேனாவை மூடிவிடுவார்கள். எனக்குப் பிடித்தது இனிமேல்தான். அந்த 6, 3, 2 ஆகியவற்றைப் பாதியாக்குங்கள்: 3, 1.5, 1. இப்போது மூலையைத் திரும்பப் பாருங்கள். துணிக்குப் பின்னால் தரையில் ஒரு செங்கோண முக்கோணம் இருக்கிறது, பக்கங்கள் 1, 2; பரப்பு 1. ஒரு சுவரில் 1, 3, பரப்பு 1.5. இன்னொரு சுவரில் 2, 3, பரப்பு 3. அதே எண்கள்! குறுக்குப் பெருக்கலின் மூன்று கூறுகளில் பாதிகள், துணி மூன்று பக்கமும் விழுத்தும் நிழல்களின் பரப்புகள்தான். 9, 2.25, 1 கூட்டினால் 12.25, அதாவது 3.5-இன் வர்க்கம். நீளத்துக்குப் பிதாகரஸ் சொன்னது பரப்புக்கும் பொருந்துகிறது. 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கணிதர் து குவாவின் பெயரில் இந்தத் தேற்றம் வழங்குகிறது.

இந்தப் பெருக்கல் லேசில் கிடைத்ததல்ல. மூன்று எண்கள் சேர்ந்த மும்மை எண்களைப் பெருக்க வழி தேடி அயர்லாந்தின் கணிதர் ஹாமில்டன் வருடக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டார். காலைச் சாப்பாட்டுக்கு இறங்கி வரும்போது பிள்ளைகளே, “அப்பா, மும்மையைப் பெருக்க முடிஞ்சுதா?” என்று கேட்பார்களாம். கூட்டவும் கழிக்கவும்தான் வருகிறது என்று தலையாட்டுவாராம். 1843 அக்டோபர் 16 அன்று டப்ளினில் ராயல் கால்வாயோரம் மனைவியோடு நடந்துபோகும்போது, மூன்று போதாது, நான்கு வேண்டும் என்று பொறிதட்டியது. உடனே பாலத்துக் கல்லில் கத்தியால் சூத்திரத்தைக் கீறிவைத்தார். அப்படிப் பிறந்ததுதான் நான்கு எண்கள் சேர்ந்த குவாட்டர்னியன். அதில் இரண்டு வெக்டர்களைப் பெருக்கினால் புள்ளிப் பெருக்கல் குறை குறியோடும், குறுக்குப் பெருக்கல் அப்படியேயும், ஒட்டிக்கொண்டே வரும். 1880களில் யேல் பல்கலைக்கழகத்து கிப்ஸ் இரண்டையும் பிரித்துத் தன் மாணவர்களுக்குச் சிறு நூலாக அச்சிட்டுக் கொடுத்தார். இங்கிலாந்தில் ஹெவிசைடும் தனியே அதே முடிவுக்கு வந்தார். ஹாமில்டன் கட்சிக்காரர்களுக்குக் கோபம் வந்தது. ‘நேச்சர்’ இதழில் வருடக்கணக்கில் சண்டை நடந்தது. பிரித்தது நல்லது என்பதுதான் என் கட்சி. உங்கள் பாடப்புத்தகமும் அந்தக் கட்சிதான்.

இனி நுண்கணிதம். துணி தட்டையானது, வளைந்த பரப்பு என்றால்? தரையில் உள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் மேலே, அதன் இரு ஆயத்தொலைவுகளின் வர்க்கங்களைக் கூட்டி உயரமாக வைத்தால் கிண்ணம் போன்ற ஒரு பரப்பு வரும். (1, 1) புள்ளிக்கு மேல் உயரம் 2. அங்கே இரண்டு பகுதி வகைக்கெழுக்களும், அதாவது ஓர் ஆயத்தொலைவை மட்டும் மாற்றும்போது உயரம் ஏறும் வீதங்களும், 2. எனவே பரப்பைத் தொட்டுக்கொண்டு போகும் வெக்டர்கள் (1, 0, 2), (0, 1, 2). குறுக்குப் பெருக்கல் (−2, −2, 1). இதுதான் தொடுதளத்தின் செங்குத்து, நீளம் 3.

அந்த மூன்றாவது கூறு 1-ஐ நிழலாகப் படியுங்கள். தரையில் நிழல் 1, பரப்பில் 3. அதாவது அந்தப் புள்ளியருகே தரையில் ஒரு சதுர மில்லிமீட்டர் எடுத்தால், அதற்கு நேர் மேலே கிண்ணத்தில் கிட்டத்தட்ட மூன்று சதுர மில்லிமீட்டர் இருக்கும். புள்ளிக்குப் புள்ளி இந்த விகிதம் மாறும். கிண்ணத்தின் அடியில் அது வெறும் 1. ஒவ்வொரு இடத்திலும் இந்த விகிதத்தை எடுத்து, தரை முழுவதற்கும் தொகையிட்டால் வருவதுதான் வளைபரப்பின் பரப்பளவு. இரட்டைத் தொகையீட்டுப் பாடத்தில் ஒரு வர்க்கமூலத்துக்குள் 1-ஐயும் இரண்டு வகைக்கெழுக்களின் வர்க்கங்களையும் கூட்டச் சொல்வார்கள். அந்த 1 தரையில் விழுந்த நிழல். மற்ற இரண்டும் சுவர்களில் விழுந்தவை.