ஆழம் பார்க்கும் வீரன்

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் அவர்களே, பல வேலைகளுக்கு நடுவே வந்திருக்கும் நகராட்சித் தலைவர் அம்மா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் முன்னாள் ராணுவத்தினரே, எனக்குப் பொன்னாடை போர்த்திய நூலகர் ஐயா அவர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

கடலிலிருந்து கரையிறங்கிப் போரிடும் அமெரிக்க மரைன் படையின் வேவு வீரன், அதாவது ரீகான் மரைன், எப்படி உருவாகிறான், எப்படிப் போரிடுகிறான், ட்ரோன் காலத்தில் அவன் நிலை என்ன, இந்த மூன்றையும் பேசுகிறேன். ‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்பார்கள். படை காலை வைக்கும் முன்னால் ஆழம் பார்ப்பதுதான் இவன் தொழில்.

இரண்டாம் உலகப் போர், 1944 ஜூலை. பசிபிக் கடலில் டினியன் தீவு. அமெரிக்கப் படை அதைப் பிடிக்க வேண்டும். ஊரை ஒட்டிய தென்மேற்குக் கரையில் ஜப்பானியர் பலமாகக் காத்திருக்கிறார்கள். வடமேற்கில் இரண்டே இரண்டு குறுகலான கடற்கரைகள். ஒன்று 60 கஜம், இன்னொன்று 160 கஜம். அவ்வளவு இடுக்கில் ஒரு டிவிஷனை, அதாவது பல ஆயிரம் பேர் கொண்ட படைப்பிரிவை, இறக்க முடியுமா? தளபதிகளுக்குள்ளேயே கருத்து வேறுபாடு. சரி, போய்ப் பார்த்துவிடுவோம் என்று ஜூலை 10 இரவு கேப்டன் ஜேம்ஸ் ஜோன்ஸின் வேவு மரைன்களும் கடற்படை நீச்சல் வீரர்களும் ரப்பர் படகில் கிளம்பினார்கள். நீரோட்டம் வடக்கே இழுத்தது. பெரிய கரைக்குப் புறப்பட்டவர்கள் சின்னக் கரையில் போய் ஒதுங்கினார்கள். சின்னக் கரைக்குப் போனவர்கள் கரையே இல்லாத பாறைப் பக்கம் அடித்துச் செல்லப்பட்டார்கள். விட்டார்களா? ஒதுங்கிய கரையை அளந்தார்கள். மறுநாள் இரவு திரும்பப் போய் விட்டுப்போன கரையையும் அளந்தார்கள். எதிரியின் காவலுக்குக் கீழே, இருட்டில், நீந்தியே! ஜூலை 24 அன்று அந்த இடுக்கு வழியாகச் சுமார் 15,000 பேர் இறங்கினார்கள். அன்று இறந்த மரைன்கள் 15 பேர். ஆழம் பார்த்த சிலரால் எத்தனை தாய்மார்களின் வயிற்றில் பால் வார்க்கப்பட்டது, பாருங்கள்.

இன்றும் கலிபோர்னியாவின் கேம்ப் பெண்டில்டனில் அடிப்படை வேவுப் பயிற்சியில் கடலும் குளமும்தான் பலரைத் திருப்பி அனுப்புகின்றன. தேறியவனுக்கு அப்புறம் ஃபுளோரிடாவில் முக்குளிப்புப் பயிற்சி, பாராசூட், சிறைப்பட்டால் தாக்குப்பிடிக்கும் பயிற்சி. அணித்தலைவனாக ஆண்டுகள் ஆகும். 2003இல் ஈராக்கில் இதே வீரர்களை ஹம்வீ வண்டிகளில் ஏற்றிப் பெரும்படைக்கு முன்னால் ஓடவிட்டார்கள். ஓசையில்லாமல் நடந்துபோய்ப் பார்த்து வரப் பழகியவர்களை அப்படிப் பயன்படுத்தியது வீண் என்பதே என் கருத்து. 2006இல் மரைன் சிறப்புப் படை அமைந்தபோது அனுபவசாலிகள் பலர் அங்கே போனார்கள்.

ட்ரோன் மேலிருந்து கரையைப் படம் பிடிக்கும். அலைக்குக் கீழே மணல் பாரம் தாங்குமா என்பதை ஆள் நீந்திப் போய்த்தான் தொட்டுப் பார்க்க வேண்டும். நீச்சல்தான் அந்த வீரனின் முதல் பாடம். நம் பிள்ளைகளுக்கோ அது கடைசிப் பாடமாகக்கூட இல்லை. ‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்று சொல்லிக் கிணற்றுப் பக்கமே போகாமல் வளர்க்கிறோம். பழமொழி பயப்படச் சொல்லவில்லை, ஆழத்தைத் தெரிந்துகொள்ளச் சொல்கிறது. கோடை விடுமுறைதோறும் ஏரியிலும் குவாரிக் குட்டையிலும் பிள்ளைகளைப் பறிகொடுக்கிறோமே, நெஞ்சு பொறுக்கவில்லை.

தலைவர் அம்மா அவர்களே, நம் ஊர் நீச்சல் குளம் பூட்டிக் கிடக்கிறது. மராமத்து பார்த்துத் திறந்து, ஆறாம் வகுப்பிலிருந்து வாரம் ஒரு மணி நேரம் நீச்சல் வகுப்பு வைக்க ஏற்பாடு செய்யுங்கள். பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரமும் பெண் பயிற்சியாளரும் வேண்டும். மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.