"நம்ம ஆளுங்களுக்கு அது வராது" என்று யார் சொன்னது?

சரி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தலசீமியா, அதாவது இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரைக் குறை என்றாலே "அது சீனர்களுக்கும் மலாய்க்காரர்களுக்கும் வருவது, நமக்கில்லை" என்று இந்த மலேசியாவில் நம் தமிழர் வீடுகளில் பேசுகிறோமே, அதை இன்றோடு விட்டுவிடுங்கள். நம்மிடம் குறைவு என்பது உண்மை, இல்லவே இல்லை என்பது பொய். மலேரியா தலைமுறை தலைமுறையாக வாட்டிய பகுதிகளிலெல்லாம் இந்த மரபணுக் குறை தங்கிவிட்டது. தாய் தந்தையில் ஒருவரிடமிருந்து மட்டும் அதைப் பெற்றவர், அதாவது குறையைச் சுமப்பவர், மலேரியாவுக்கு ஓரளவு தாக்குப்பிடித்தார் என்பதுதான் காரணம். ஹீமோகுளோபினின் எந்தப் பகுதியில் குறை என்பதைப் பொறுத்து வகைகள் உண்டு: சீனரிடம் ஆல்ஃபா வகை, மலாய்க்காரரிடம் ஹீமோகுளோபின் ஈ என்ற மாறிய வகை, சபாவின் கடசான்டூசுன் மக்களிடம் பீட்டா வகை அதிகம். இந்தியரிடம் பரவலாக உள்ள ஒரு பீட்டா மரபணு மாற்றம் மலாய்க்காரரிடமும் அப்படியே இருக்கிறது. அப்புறம், தோட்டக் காலத்தில் சீனப் பெண் குழந்தைகளைத் தத்தெடுத்துத் தமிழ்ப் பிள்ளையாகவே வளர்த்த வீடுகள் நம்மில் எத்தனை! அப்படி வளர்ந்து பாட்டியானவரின் பேரன் பேத்திகள் இன்று எந்தக் கணக்கில் வருவார்கள்?

உங்கள் இரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்துப் பாருங்கள். குறையைச் சுமக்கும் சிலருக்கு ஹீமோகுளோபின் 11, சிவப்பணு எண்ணிக்கை மட்டும் தாராளமாக 5.6, ஆனால் எம்சிஎச் (ஒரு சிவப்பணுவில் சராசரியாக உள்ள ஹீமோகுளோபின் அளவு) 19.6 என்று இருக்கும். இரத்தச்சோகை என்று மாதக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை விழுங்குவார்கள், எண் அசையாது. எம்சிஎச் 27-க்குக் கீழே இருந்தால் ஹீமோகுளோபின் வகைப் பரிசோதனை கேளுங்கள். ஆல்ஃபா வகை அதிலும் நழுவிவிடும், அதற்கு டிஎன்ஏ பரிசோதனைதான்.

குறையைச் சுமப்பவர் நோயாளி அல்ல, அந்தப் பெண்ணுக்கோ பையனுக்கோ ஒரு குறையும் சொல்லாதீர்கள். கணவன் மனைவி இருவருமே சுமந்தால்தான் சிக்கல், ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு நோய் வர 25 சதவீத வாய்ப்பு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைக்குப் பயமில்லை என்று கணக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், ஐயோ, அது அப்படி இல்லை. பீட்டா வகை இரு பெற்றோரிடமிருந்தும் வந்து கடுமையாக இருந்தால் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பிள்ளைக்கு இரத்தம் ஏற்றவேண்டும், ஏற்றிய இரத்தத்தின் இரும்பு இதயத்திலும் கல்லீரலிலும் படியும், அதை இறக்க மருந்து, வாழ்நாள் முழுக்க. வயிற்றுத் தோலில் ஊசி குத்தி பம்ப் மாட்டி இரவெல்லாம் மருந்து ஏற்றிக்கொண்டே தூங்கும் பிள்ளைகள் உண்டு.

2016 முதல் படிவம் 4 மாணவர்களுக்குப் பள்ளி வழியாகவே இந்தப் பரிசோதனை நடக்கிறது. பெற்றோர் சம்மதம் கேட்டுத் தாள் வந்தால் பையிலேயே கிடக்க விடாமல் கையெழுத்துப் போடுங்கள். பள்ளி முடித்தவர்கள், கல்யாணப் பேச்சு நடக்கிறவர்கள், பக்கத்துக் கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதார நிலையத்தில்) போய்க் கேளுங்கள்.